கார்டு வாங்கும் முன் கேமராவைப் பாருங்கள்

ஆடி பிறந்துவிட்டால் திருநெல்வேலிப் பக்கம் கல்யாண மண்டபங்கள் வெறிச்சோடிவிடும். வீடியோ எடுப்பவர்களுக்குச் சற்றே கை ஓயும். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் சிஸ்டத்தை மாற்றிவிட வேண்டும் என்று வண்ணார்பேட்டையில் உள்ள என் கடைக்கு வருவார்கள். "அண்ணாச்சி, பச்சையா சிவப்பா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்பதுதான் முதல் பேச்சு. பச்சை என்விடியா, சிவப்பு ஏஎம்டி; இரண்டும் கம்ப்யூட்டருக்கான கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனங்கள். பகலில் கல்யாண எடிட்டிங், இரவில் கேம், இரண்டுக்கும் ஒரே கார்டு. ஆசை நியாயமானதுதான். ஆனால் ஒரே வார்த்தையில் பதில் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் ஐப்பசிக்குள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வருகிறார்கள்.

கார்டு கேபினெட்டுக்குள் அடங்குமா என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதற்கு டேப் இருக்கிறது.

கேம் சோதனையைப் பார்த்து எடிட்டிங் கார்டு வாங்குவது

இந்த ஒன்றைப் பார்த்தால் மட்டும் எனக்கு இன்னமும் எரிச்சல் அடங்குவதில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். சோனி ஏ7 மூன்றாம் மாடலைக் கொடுத்துவிட்டு நான்காம் மாடல் வாங்கியிருந்தார். புதிய கேமராவில் எடுத்த கிளிப்புகள் எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் திணறின. தாலி கட்டும் காட்சியை ஓட்டினால் கெட்டிமேளச் சத்தம் பாட்டுக்குப் போகிறது, படம் மாப்பிள்ளை கையோடு நின்றுவிடுகிறது. பழைய கார்டுதான் காரணம் என்று அவரே முடிவுகட்டி, கேம் சோதனைகளில் முதலிடத்தில் இருந்த ஆர்டிஎக்ஸ் 4090-ஐ வெளியூரில் வாங்கிப் பூட்டிவிட்டார். என்விடியாவின் 50 வரிசை வராத காலம். அதைவிடப் பெரிய கேம் கார்டு அப்போது கிடையாது. பூட்டிய பிறகும் கெட்டிமேளம் போனது, படம் நின்றது. "கார்டில் ஏதோ கோளாறு அண்ணாச்சி, கொடுத்துவிட்டு ஏஎம்டி எடுத்துவிடட்டுமா?" என்றார்.

எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினேன். பிராசசர் நூறு சதவீதத்தில் தவித்துக்கொண்டிருந்தது. கார்டுக்குரிய பக்கத்தில் 'வீடியோ டீகோட்' கோடு மேலே எழும்பவே இல்லை. 16,384 கோர்கள், அதாவது கணக்கிடும் சிறு அலகுகள், கொண்ட கார்டு, கிளிப்பை ஓட்டும் வேலையில் கையே வைக்கவில்லை.

விஷயம் இதுதான். கேமில் காட்சியை வரைவது கார்டின் கோர்கள். கேமராவின் சுருக்கப்பட்ட கோப்பை விரித்துப் படமாக்குவதோ, கார்டுக்குள்ளேயே தனியாக இருக்கும் டீகோடர் என்னும் சிறு பகுதி. கோர்கள் எத்தனை கூடினாலும், அந்த டீகோடருக்குப் பழக்கமில்லாத வகைக் கோப்பு வந்தால் முழுச் சுமையும் பிராசசர் தலையில் விழும். ஏ7 மூன்றாம் மாடல் மெமரி கார்டில் பதிவதெல்லாம் 8 பிட், 4:2:0. பிட் என்பது நிறச் சாயல்களின் நுணுக்கம்; 4:2:0 என்பது நிறத் தகவலைக் குறைத்துப் பதியும் முறை. அதில் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல்தான் சேமிக்கப்படும். நான்காம் மாடலில் 10 பிட், 4:2:2 உண்டு. இரண்டு பிக்சலுக்கு ஒன்று. நிறத்தைத் திருத்த வசதி. ஆனால் 4:2:2-இல் பதிந்த எச்.264, எச்.265 (வீடியோவைச் சுருக்கும் இரண்டு முறைகள்) கோப்புகளை 4090-இன் டீகோடர் தொடாது. ஏஎம்டி பக்கம் போனாலும் கதை மாறாது: 7900 எக்ஸ்டிஎக்ஸும் அப்படித்தான், 2025-இல் வந்த 9070 எக்ஸ்டியும் அப்படித்தான். என்விடியாவிலேயே 50 வரிசையில்தான் இந்த வசதி வந்தது.

கொடுமை அதோடு முடியவில்லை. இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களில் 11-ஆம் தலைமுறையிலிருந்தே, உள்ளே இருக்கும் சிறிய கிராஃபிக்ஸ் 4:2:2 எச்.265-ஐ விரித்துக் கொடுக்கும். தம்பி வைத்திருந்தது 13900 கேஎஃப். பெயரின் கடைசியில் 'எஃப்' வந்தால் அந்தக் கிராஃபிக்ஸ் கிடையாது என்று பொருள். "பெரிய கார்டுதான் போடப் போகிறீர்களே, உள்ளே இருப்பது எதற்கு?" என்று எங்கோ ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள், கொஞ்சம் விலை குறையுமே என்று இவரும் தலையாட்டியிருக்கிறார். இப்படி அறிவுரை சொல்பவர்கள் ஒரு நாளாவது எடிட்டிங் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கடைசியில் என்ன செய்தோம்? எடுத்து வைத்திருந்த கல்யாணங்களுக்கு ப்ராக்ஸி உருவாக்கினோம். அதாவது எடிட்டிங்குக்கென்று எளிதாக ஓடும் சிறு நகல்கள். வெட்டி ஒட்டி முடித்ததும் மென்பொருள் அசல் கோப்புக்கே போய்விடும். இனி எடுக்கப்போவதற்கு, கேமரா மெனுவில் எச்.265-ஐ 4:2:0, 10 பிட்டுக்கு மாற்றினோம். கல்யாண வேலைக்கு அது தாராளம். பச்சைத் திரை வைத்து எடுப்பவர்களுக்குத்தான் 4:2:2-ஐ விட மனம் வராது. இந்த இரண்டுக்கும் ஒரு ரூபாய் செலவில்லை. அந்த 4090-இன் விலைக்கு ஒரு நல்ல லென்ஸே வந்திருக்கும்.

ஆகவே கடைக்கு வரும்போது உங்கள் கேமராவின் கிளிப் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்தால் எச்.264-ஆ எச்.265-ஆ, எத்தனை பிட், 4:2:0-ஆ 4:2:2-ஆ என்று எல்லாம் தெரிந்துவிடும். 4:2:2 என்றால் 50 வரிசை கார்டு எடுங்கள். கோப்பு எச்.265-ஆக இருந்து, 11-ஆம் தலைமுறை முதலான, 'எஃப்' இல்லாத இன்டெல் பிராசசரும் இருந்தால் எந்தக் கார்டும் சரி. 14-ஆம் தலைமுறை வரை அந்த இன்டெல் உதவி 4:2:2 எச்.264-க்குக் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். கோப்பு 4:2:0 என்றால் பச்சை, சிவப்பு இரண்டும் ஓட்டும்; அப்போது விலையைப் பாருங்கள். 16 ஜிபி நினைவகம் கொண்ட 9070 எக்ஸ்டி அமெரிக்காவில் 599 டாலருக்கு அறிமுகமானது. அதே 16 ஜிபி கொண்ட என்விடியாவின் 5070 டிஐ 749 டாலர். ஒளி, நிழலைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் அதிகமுள்ள கேம்களிலும், பிளெண்டர் என்னும் 3டி மென்பொருளிலும் என்விடியா முந்தும். அவை இரண்டும் உங்களுக்கு இல்லையென்றால் அந்த 150 டாலரை எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று யோசியுங்கள்.

ஜிபி கூடினால் வேகம் கூடும் என்று நம்புவது

ஏஎம்டியின் 7900 எக்ஸ்டிஎக்ஸில் 24 ஜிபி நினைவகம், என்விடியாவின் 4080-இல் 16 ஜிபி. "இது எட்டு கூட இருக்கிறதே" என்பார்கள். நினைவகம் போதாதபோதுதான் அந்த எட்டின் அருமை தெரியும். டாவின்சி ரிசால்வ் என்னும் எடிட்டிங் மென்பொருளில் 4கே டைம்லைனில், இருட்டு மண்டபத்துக் காட்சிகளில் தெரியும் புள்ளிகளைப் போக்க நாய்ஸ் ரிடக்‌ஷனை அடுக்கினால், நினைவகம் நிரம்பிவிட்டது என்று செய்தி வந்து வேலை நிற்கும். அந்த வேலை உங்களுக்கு உண்டென்றால் 24 பயன்படும். அதிலும் அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டுச் சுத்தம் செய்யும் வகை, காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பில்தான் உண்டு. இலவசப் பதிப்பில் தேடிவிட்டுக் கார்டைத் திட்ட வேண்டாம்.

1080பி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்

பெரிய கார்டின் பலன் அதில் தெரியாது. முதலில் அதை மாற்றுங்கள். பிறகு பேசலாம்.

பழைய யூபிஎஸ்ஸிலேயே மாட்டுவது

ஆனி, ஆடிக் காற்றில் மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் யூபிஎஸ் இல்லாமல் முடியாது. ஆனால் பரவலாக விற்கும் 600 விஏ பெட்டிகள் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். ஆர்டிஎக்ஸ் 5090 ஒன்றே 575 வாட் வரை இழுக்கும். 9070 எக்ஸ்டி 304 வாட். ரெண்டர் ஓடும்போது மின்சாரம் போனால் யூபிஎஸ் ஒரு முறை கத்திவிட்டுச் சிஸ்டத்தையும் சேர்த்து அணைத்துவிடும். சிஸ்டத்துக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் அப்படியே: 5090-க்கு 1000 வாட், 9070 எக்ஸ்டிக்கு 750 வாட் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை நான் நம்புவதில்லை.

பில் இல்லாத பழைய கார்டு

வேண்டாம்.

16 பின் இணைப்பை அரைகுறையாகச் செருகுவது

4090 வந்த 2022-லேயே, கார்டுக்கு மின்சாரம் கொடுக்கும் இந்த இணைப்புகள் உருகிய புகார்கள் கிளம்பின. பிளக் முழுதாக உள்ளே போகாததே காரணம் என்று என்விடியா சொன்னது. வடிவமைப்பையும் குறை சொன்னவர்கள் உண்டு. அந்த வழக்கு நமக்கு வேண்டாம். பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் இடைவெளி தெரியாத வரை அழுத்துங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். பிளக்கை ஒட்டியே வயரை மடக்கினால்தான் கேபினெட் கதவு மூடும் என்றால், கதவைத் திறந்தே வையுங்கள்.