வளர்ந்தவர்களுக்கு வீடியோ போட்டு ஆங்கிலம் படிப்பிக்கையில் விடக்கூடாத பிழைகள்

பாசிக்குடா ஹோட்டல் வேலை, அறுகம்பே கடை, வளைகுடாப் பயணம் என்று ஒவ்வொரு தேவையோடு ஆங்கிலம் படிக்க வருபவர்கள் பகல் முழுக்க உழைத்துவிட்டுத்தான் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். அவர்கள் முன் 20 நிமிட வீடியோவை ஓடவிடுவதே முதற்பிழை. காது சீக்கிரமே களைத்துவிடும், பிறகு வெறும் படம்தான் ஓடும். 2 நிமிடத் துண்டு போதும். மூன்று தரம் ஓட்டினாலும் 6 நிமிடம்தான். மிச்ச நேரம் அவர்கள் கதைப்பதற்கு.

முதற்தரம் சத்தமில்லாமல் காட்டுங்கள்: யார், எங்கே, என்ன கேட்கிறார் என்று ஊகிக்கட்டும். அடுத்தது சத்தத்தோடு, திரையின் கீழே ஓடும் எழுத்தில்லாமல். மூன்றாவது ஆங்கில எழுத்தோடு, வசனம் வசனமாக நிறுத்தி. தமிழ் எழுத்து ஓடினால் கண் தமிழை வாசிக்கும், காது சும்மா இருக்கும்.

நிறுத்தும் இடத்தில்தான் படிப்பு நடக்கிறது. ஹோட்டல் வரவேற்பு மேசையில் 'குட் ஐ சீ யுவர் பாஸ்போர்ட்' (Could I see your passport) என்று கேட்பது நம் காதில் 'குடை சீ' என்றே விழும். 'குட்' தெரியும், 'ஐ' தெரியும். இரண்டும் ஒட்டி வந்தால் பிடிபடாது. இதைச் சொல்வளம் போதாத குறையென்று நினைத்து அகராதியைத் திறப்பது பெரிய பிழை. அந்த 2 விநாடியை நாலைந்து தரம் ஓட்டுங்கள். பலகையில் பிரித்து எழுதி, அவர்களும் ஒட்டிச் சொல்லட்டும். யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்கலாம், ஆனால் கடைசித் தரம் இயல்பான வேகத்தில்தான் கேட்க வேண்டும். பிறகு பாஸ்போர்ட் இருந்த இடத்தில் டிக்கட், பில், அடையாள அட்டை என்று மாற்றி, இரண்டிரண்டு பேராகக் கேட்டுப் பழகட்டும்.

குழந்தைப் பாட்டு வீடியோ வேண்டவே வேண்டாம். பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய் தகப்பனுக்கு அது அவமானம். அமெரிக்க உச்சரிப்பையே போட்டுக்கொண்டிருப்பதும் உதவாது: கட்டாரில் மேற்பார்வையாளர் பிலிப்பைன்ஸ்காரராகவோ கேரளக்காரராகவோ இருக்கலாம்.

வகுப்பில் வைத்து டேட்டாவை நம்பாதீர்கள், நடுவில் விளம்பரம் வந்தால் கவனம் கலையும். முந்தின நாளே வீடியோவைச் சேமித்துவையுங்கள். போன் ஸ்பீக்கர் கடைசி வாங்குக்கு எட்டாது. சின்ன ஸ்பீக்கரை அறை நடுவில் வைத்து, நீங்களே கடைசி வாங்கில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். மாரி மழை தகரக் கூரையில் விழத் தொடங்கினால் எந்த ஸ்பீக்கரும் எடுபடாது. அதற்கென்று உரையாடலைத் தாளில் அடித்துக் கையில் வைத்திருங்கள்.