ட்வின் கேம் என்றதும் மயங்க வேண்டாம்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து பழகியவர்களுக்கு இது புரியும். ஒரு சித்திரை மதியம், ஏசியோடு அங்கே நின்றிருந்த என் பழைய டீசல் கார், கேட் திறந்து நூறடி நகர்ந்ததும் அணைந்துவிட்டது. செல்ஃப் அடித்தால் வழக்கமான முனகல் இல்லை. என்ஜின் வெறும் விசிறி போல லேசாகச் சுற்றியது. வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டைச் சுற்றுகிற டைமிங் பெல்ட் அறுந்து, பிஸ்டன் மோதி எட்டு வால்வுகள் வளைந்திருந்தன. விற்றவர் “ட்வின் கேம் சார்” என்று சொன்னதும், அப்படியென்றால் பெல்ட்டுக்குப் பதில் செயின்தான் இருக்கும் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். முதல் தவறு அது.

கேம் ஷாஃப்டின் வேலை நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கும். வால்வு என்பது மதகு. அதைச் சரியான நேரத்தில் ஏற்றி இறக்கும் லஸ்கர்தான் கேம் ஷாஃப்ட். பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்று. என்ஜின் 3000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது.

இந்த லஸ்கர் கீழே, சிலிண்டர் பிளாக்கில் நின்று நீளக் கம்பியால் மேலே உள்ள மதகைத் தள்ளினால் அது புஷ் ராடு என்ஜின். வயலில் தண்ணீர் இறைத்த ஆயில் என்ஜின், 1489 சிசி அம்பாசடர், பத்மினி எல்லாம் இந்த வகை. லஸ்கரையே சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு மேலே ஏற்றி, காற்று வரும் வால்வையும் புகை போகும் வால்வையும் ஒருவரிடமே கொடுத்தால் சிங்கிள் கேம். பக்கத்துக்கு ஒருவர் என்றால் ட்வின் கேம். இடையில் ஆடும் பாகங்கள் குறைவதால் ட்வின் கேம் அதிக வேகத்தில் தடுமாறாது. இரு பக்க வால்வுகளின் நேரத்தையும் தனித்தனியாக மாற்றவும் முடியும். ‘வி’ வடிவ என்ஜினில் ஹெட்டே இரண்டு என்பதால், ட்வின் கேம் என்றால் மொத்தம் நான்கு கேம் ஷாஃப்ட்.

டிக்கியில் 16 வால்வு என்று ஒட்டியிருந்தால் ட்வின் கேம்தான் என்று நினைப்பது அடுத்த தவறு. 2014-இல் வந்த ஹோண்டா சிட்டியின் 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜினுக்கு 16 வால்வு, ஆனால் ஒரே கேம். 2020-இல் வந்த சிட்டியில் அது ட்வின் கேம் ஆனது. 119 குதிரைத்திறன் 121 ஆனது, இழுக்கும் திறனான டார்க் அதே 145 நியூட்டன் மீட்டர்தான். இன்னொரு பக்கம் பாருங்கள்: ஸ்விஃப்ட் டீசலின் 1.3 லிட்டர் என்ஜின் ட்வின் கேம், 16 வால்வு, 75 குதிரைத்திறன். டஸ்டரின் 1.5 டீசல் சிங்கிள் கேம், எட்டே வால்வு, ஆனால் 110. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவும் கொள்ளளவும் டியூனிங்கும் சேர்ந்து தீர்மானிப்பதை கேம் எண்ணிக்கை மட்டும் சொல்லாது. மன்னார்குடி ரோட்டில் நெல் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகிறவருக்கு 6000 ஆர்பிஎம்மில் கிடைக்கும் சக்தி எதற்கு? புஷ் ராடு என்றால் பழங்காலம் என்று சிரிப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2020-இல் வந்த அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கார்வெட் ஸ்டிங்ரேயின் 6.2 லிட்டர் வி8 புஷ் ராடுதான்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். கேம் எத்தனை என்பது வேறு, அதைச் சுற்றுவது பெல்ட்டா செயினா என்பது வேறு. மாருதி 800 சிங்கிள் கேம், பெல்ட். நான் சொன்ன பழைய சிட்டி சிங்கிள் கேம், செயின். ஈகோஸ்போர்ட்டின் ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் ட்வின் கேம், அதிலும் ஆயிலில் நனைந்தே ஓடும் பெல்ட். பானெட்டைத் திறந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்: என்ஜினின் பக்கவாட்டில் பிளாஸ்டிக் மூடி என்றால் பெல்ட்; ஆயில் கசியாமல் சீல் செய்த அலுமினிய மூடி என்றால் செயின். ஆயிலில் நனையும் பெல்ட் மட்டும் விதிவிலக்கு.

பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் மட்டும் பார்ப்பதும் தப்பு. ரப்பருக்கு வயதும் உண்டு. கேட்டில் நின்று ஓடிய அரை மணி நேரம் மீட்டரில் ஏறாது, பெல்ட்டில் ஏறும். அதே பெல்ட் வாட்டர் பம்ப்பையும் சுற்றினால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு அதையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. பிரிக்கிற கூலி ஒன்றுதான். செயினுக்குச் செலவே இல்லை என்பதும் பொய். அதன் டென்ஷனர் பெரும்பாலும் ஆயில் பிரஷரில்தான் நிற்கிறது. ஆயில் மாற்றத் தள்ளிப்போட்டால் செயின் தேய்ந்து நீளும்.

பழைய கார் வாங்கப் போனால் காலையில் முதல் ஸ்டார்ட்டைக் கேளுங்கள். ஓரிரு நொடிக்கு மேல் சங்கிலி உரசுகிற கரகரப்பு நீடித்தால் பேரம் பேசவாவது அது உதவும். சிலர் நீங்கள் வருவதற்குள் ஸ்டார்ட் செய்து வைத்திருப்பார்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், “நாளைக்கு வர்றேண்ணே” என்று கிளம்பிவிடுங்கள்.