பிள்ளை படிக்கும் கத்தோலிக்கப் பள்ளியில் 'சப்' (மாற்று ஆசிரியர்) ஆகப் போகிறீர்களா?

அமெரிக்காவில் பிள்ளையைக் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்த்திருக்கும் நம்மவர்களுக்கு என்றைக்காவது ஒருநாள் ஆபீஸிலிருந்து போன் வரும். "டீச்சருக்கு உடம்பு சரியில்லை, நாளைக்கு சப் ஆக வர முடியுமா?" பல பள்ளிகள் சின்னவை, ஒரு வகுப்புக்கு ஒரே டீச்சர், மாற்று ஆளும் குறைவு, அதனால் தெரிந்த பெற்றோரைத்தான் கேட்பார்கள். நான் மூன்று வருடமாகப் போகிறேன், இத்தனைக்கும் நான் கத்தோலிக்கர் இல்லை. எங்கள் பள்ளியில் அது ஒரு தடையாக இருக்கவில்லை.

சரி என்று சொல்வதற்கு முன் விசாவைப் பாருங்கள். எச்-1பி வேலை விசாக்காரரின் துணைவராக எச்-4 விசாவில் இருந்தால் ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பளம் வாங்க முடியாது. எல்-1 விசாக்காரரின் எல்-2 துணைவர் என்றால் ஐ-94 என்ற வருகைப் பதிவில் எல்-2எஸ் என்று இருந்தாலே போதும். "பணம் வேண்டாம், சும்மா வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று போவதும் சரியல்ல, ஏனென்றால் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் வேலையை இலவசமாகச் செய்தாலும் அது வேலையாகவே கருதப்படலாம். ஈஏடி இல்லாதவர்கள் நூலகத்திலோ மதிய உணவு நேரத்திலோ எல்லாப் பெற்றோரும் செய்யும் உதவியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது குழந்தைகள் பாதுகாப்புப் பயிற்சி. பல மறைமாவட்டங்களில் (ஒரு பிஷப்பின் கீழ் உள்ள பகுதிகளில்) இதை 'விர்ட்டஸ்' என்பார்கள். பாதிரியார்கள் குழந்தைகளிடம் அத்துமீறியது வெளியே வந்த பிறகு, 2002ல் டல்லாஸில் கூடிய அமெரிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) இந்த மாதிரிப் பயிற்சியையும் பின்னணிச் சோதனையையும் கட்டாயமாக்கினார்கள். பல இடங்களில் கைரேகையும் கேட்பார்கள். இதெல்லாம் முடிய நாளாகும், போன் வரும்வரை காத்திருக்காமல் ஆகஸ்டிலேயே முடித்துவிடுங்கள். படிப்புத் தகுதி இடத்துக்கு இடம் மாறும், அதையும் அப்போதே கேட்டுவிடலாம். பயிற்சியில் சொல்வதில் ஒன்றை மட்டும் எந்நேரமும் நினைவில் வையுங்கள்: எந்தக் குழந்தையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள், கதவைத் திறந்தே வையுங்கள்.

அன்றைக்கு அரைமணி நேரம் முன்னாலேயே போங்கள். சப் போல்டரில் பாடத்திட்டம் இருக்கும், ஆனால் அதற்கு முன் யாருக்கு என்ன அலர்ஜி, எபிபென் (கடும் அலர்ஜிக்கான அவசர ஊசி) எங்கே, சாயங்காலம் யார் யாரோடு போகலாம் என்பதைப் பாருங்கள். காலையில் ஜெபமும் கொடி வாக்குறுதியும் ஸ்பீக்கரில் வரும், அமைதியாக நின்றால் போதும். சாப்பாட்டுக்கு முந்தைய ஜெபத்தைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள், யார் தொடங்குவது என்று மட்டும் கேளுங்கள்.

திருப்பலி (தேவாலய வழிபாடு) நாள் என்றால் வரிசையின் ஓரத்தில், உங்கள் வகுப்பு முழுவதும் கண்ணில் படும் இடத்தில் உட்காருங்கள். நற்கருணை (திருப்பலியில் தரும் அப்பம்) கத்தோலிக்கர்களுக்கு மட்டும்தான். நீங்கள் இருக்கையிலேயே இருக்கலாம், அல்லது கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு போனால் பாதிரியார் ஆசீர்வதிப்பார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் வெள்ளிக்கிழமைகளில் கறிக்குழம்பு டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், அன்று அவர்கள் இறைச்சி சாப்பிடுவதில்லை.

எல்லாவற்றையும் விடக் கஷ்டமானது சொந்தப் பிள்ளை இருக்கும் வகுப்பு. முடிந்தால் வேறு வகுப்பு கேளுங்கள், கிடைக்காவிட்டால் முந்தின இரவே பேசிவிடுங்கள். என் மகளிடம், "பள்ளியில் எல்லாரும் கூப்பிடுகிற மாதிரிதான் நீயும் என்னைக் கூப்பிடணும், கை தூக்கிட்டுத்தான் பேசணும்" என்றேன். நான் அவளிடம் கூடுதல் கண்டிப்பாக இருந்துவிட்டேன், யாரும் சலுகை என்று சொல்லிவிடக் கூடாதே என்ற பயம், வீட்டுக்கு வந்து அழுதாள். அதுவும் அநியாயம்தான். மற்றப் பிள்ளைக்கு என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம்.

அப்புறம், வகுப்பில் பார்த்தது வகுப்போடு நிற்க வேண்டும். யாருக்கு வாசிக்க வரவில்லை, யார் அழுதான் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்துவிடும், அந்தப் பிள்ளையின் அம்மா உங்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே இருப்பார். கார் வரிசையில் "எம் பையன் எப்படி இருந்தான்?" என்று கேட்டால், "டீச்சர் வந்ததும் அவங்ககிட்டயே கேளுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். கணவரிடம்கூடப் பெயர் சொல்லிப் பேசாதீர்கள். ஆனால் ஒரு குழந்தைக்கு யாரோ தீங்கு செய்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் அது வேறு விஷயம், பயிற்சியில் சொன்னபடி அன்றைக்கே புகார் செய்தாக வேண்டும், முதல்வரிடமும் சொல்லுங்கள்.

கிளம்பும்முன் டீச்சருக்கு ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: எதை முடித்தோம், எது மிச்சம், யார் உதவினார்கள். குறும்பு செய்தவர்கள் பெயரோடு நிறுத்திவிடாமல், நன்றாக நடந்துகொண்ட நாலு பேரின் பெயரையும் எழுதுங்கள்.