பேராதனைப் பூங்காவும் கன்னொருவையும்: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கண்டிக்குச் சுற்றுலா போகிறவர்கள் எல்லோருடைய பட்டியலிலும் பேராதனைத் தாவரவியல் பூங்கா இருக்கும். ஆனால் எப்படி இருக்கும்? காலையில் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை, மாலைக்குள் நுவரெலியா, நடுவில் மிஞ்சுகிற ஒரு மணி நேரம் பூங்காவுக்கு. முதல் தவறு இதுதான். மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே வருகின்றன.

பூங்காவின் பரப்பு 147 ஏக்கர். மகாவலி ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்து ஓட, நடுவில் இருக்கும் நிலம் அது. ஒரு மணி நேரத்தில் ஓர்க்கிட் வீட்டையும் பெரிய புல்வெளியையும் பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். வந்தவர்கள் "பார்க் நல்லா இருந்தது" என்று சொல்வார்கள். அது பார்க் மட்டும் இல்லை. 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவரின் பொறுப்பில் தொடங்கிய காலத்திலிருந்து, எந்தச் செடி இந்த மண்ணில் பிழைக்கும், எது பணம் தரும் என்று நட்டுப் பார்த்த இடம். குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். முடியாவிட்டால், எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்ப்பதைவிட ஒரு பகுதியை மட்டும் நிதானமாகப் பாருங்கள்.

நேரமும் முக்கியம். மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இரண்டு மணிக்கு உள்ளே போகும் குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன். வெயில் உச்சியில் இருக்கும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் என்றால் கண்டிப் பக்கம் பிற்பகலில் இடியுடன் மழை கொட்டுவது வழக்கம். காலையில் வாசல் திறந்ததும் போய்விடுங்கள். வெளிச்சம் சாய்வாக விழும், கூட்டம் இருக்காது, பறவைகளின் சத்தம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமையையும் பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தையும் தவிர்க்க முடிந்தால் இன்னும் நல்லது. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் தயங்க வேண்டாம். பாதைகள் பெரும்பாலும் சமதளம்தான், ஏறி இறங்க மலை எதுவும் இல்லை. கொழும்பு வீதியில் கண்டியிலிருந்து ஆறு கிலோமீட்டர்தான், பேருந்தே வாசலில் இறக்கிவிடும்.

அப்புறம், "பூ எங்கே?" என்று கேட்டுக்கொண்டு போவது. மலர்க் கண்காட்சியை எதிர்பார்த்து வருகிறவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போகிறார்கள். பூப்பாத்திகள் இருக்கின்றன, இல்லாமல் இல்லை. ஆனால் பேராதனையின் செல்வம் மரங்கள். வெப்பமண்டல மரங்களில் பல, நம் விடுமுறை நாளைப் பார்த்துப் பூப்பதில்லை. தாளிப்பனையை எடுத்துக்கொள்ளுங்கள். பல பத்து ஆண்டுகள் இலை மட்டுமே விட்டுக்கொண்டிருக்கும். பிறகு ஒரே ஒரு முறை உச்சியில் பெரிய பூந்திரளை விரிக்கும். காய்த்து முடிந்ததும் மரமே செத்துவிடும். உலகத்தில் எந்தச் செடிக்கும் அவ்வளவு பெரிய பூங்கொத்து இல்லை. அது பூத்திருக்கும் நேரத்தில் நீங்கள் போனால் அது அதிர்ஷ்டம். பூக்காவிட்டாலும் அந்த விசிறி ஓலையைப் பாருங்கள். இந்த நாட்டின் பழைய ஏடுகளில் பல அதில்தான் எழுதப்பட்டன.

யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் ஓர் இடத்தில் நின்றுவிடுவார்கள். இரண்டு பக்கமும் பனைகள் வரிசையாக நிற்கும் சாலை அது, 1887இல் நட்டது. கண்டியின் ஈரத்தில், மகாவலிக் கரையில், வறண்ட நிலத்து மரம் இத்தனை காலம் நிற்கிறது. இதைத் தேடிப் போகாமல், 1950இல் நட்ட அரசப்பனைச் சாலையில் மட்டும் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம். குக் பைன் என்ற ஊசியிலை மரங்கள் கோணலாய் நிற்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அந்தக் கோணலுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. உலகில் எங்கே நட்டாலும் அந்த இனம் பூமத்திய ரேகைப் பக்கமாகவே சாய்கிறது. வடக்கே நட்டால் தெற்கே சாயும், தெற்கே நட்டால் வடக்கே சாயும். ஆகவே மரத்தடியில் இருக்கும் பெயர்ப்பலகையை வாசிக்காமல் நகராதீர்கள். எந்த நாட்டு மரம் என்று தெரிந்தால் பாதிக் கதை தெரிந்துவிடும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இன்னொன்று. நம் ஆட்கள் வாசனைத் திரவியத் தோட்டத்தையும் பயிர்களையும் "இதைத்தான் வீட்டிலேயே பார்க்கிறோமே" என்று தாண்டிப் போகிறார்கள். சாதிக்காய், கராம்பு, கறுவா எல்லாம் அங்கே இருக்கின்றன. என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அவரை முதல்முறை கூட்டிப் போனபோது நானும் அவசரப்பட்டு ஓர்க்கிட் வீட்டுக்கு இழுத்தேன். அவரோ ஒரு சாதிக்காய் மரத்தடியில் நின்று, விழுந்து கிடந்த இலையைக் கசக்கி மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த மரத்தடியில்தான் நாங்கள் அதிக நேரம் இருந்தோம்.

மலையகத் தமிழர்களுக்கு இந்தப் பூங்கா வெறும் சுற்றுலா இடமாக இருக்க முடியாது. நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து முதன்முதலில் கோப்பித் தோட்டங்களுக்காகத்தான் நடந்து வந்தார்கள். 1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் பொடி படிந்த நோய் இலங்கையில் கண்டறியப்பட்டது. அப்போது பேராதனையின் இயக்குநராக இருந்த த்வைட்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அந்தப் பூஞ்சைக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் பாழாக்குவது என்று பொருள். 1880இல் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆய்வாளர் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்து, அந்தப் பூஞ்சை இலைக்குள் எப்படி நுழைகிறது, வித்துகள் என்ற அதன் நுண்ணிய துகள்கள் எப்படிப் பரவுகின்றன என்று கண்டு சொன்னார். ஆனால் காலம் கடந்துவிட்டது. மலையெல்லாம் ஒரே பயிர், நோய்க்குத் தடையே இல்லை. கோப்பி போனது, தேயிலை வந்தது. தேயிலை திடீரென்று வரவில்லை. பேராதனையில் 1824இலேயே சீனாவிலிருந்து கொண்டுவந்து நட்டிருந்தார்கள், 1839இல் அசாமிலிருந்து விதை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டக்காரர் கண்டி மாவட்டத்தில் உள்ள லூல்கந்துரையில் 19 ஏக்கரில் வணிகத்துக்காகப் பயிரிட்டது 1867இல். இறப்பர் வந்தது 1876இல், அது கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில். மலேரியாவுக்கு மருந்து தரும் சிங்கோனா மரம் வந்தது 1861இல், நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலையில். இந்த வரலாறு தெரிந்து உள்ளே போனால் ஒவ்வொரு செடியும் வேறு மாதிரித் தெரியும். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் முதல்நாள் இரவே இதைக் கதையாகச் சொல்லிவிடுங்கள்.

இதே காரணத்தால்தான் இன்னொரு தவறையும் கடுமையாகச் சொல்கிறேன். உதிர்ந்த விதைதானே என்று பொறுக்குவது, ஒரு கிளைதானே என்று ஒடித்துப் பையில் போடுவது. அது பூங்காவின் விதிக்கு மாறானது என்பது ஒரு பக்கம். கோப்பியை அழித்தது கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை வித்து. இலையோடும் மண்ணோடும் நோய் எங்கே போகும் என்று நம்மால் சொல்ல முடியாது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விதை, நாற்று, மண் இவற்றைத் தாவர நலச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் விமானத்தில் கொண்டுபோகக் கூடாது. செடி ஆசை உள்ளவர்கள் பெயரையும் படத்தையும் எடுத்துக்கொண்டு போய், ஊரில் உள்ள நாற்றுப்பண்ணையில் கேளுங்கள்.

மூங்கிலில் பெயர் செதுக்குவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆற்றோரம் நிற்கும் பர்மிய இராட்சத மூங்கில் மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு ஒரு அடி கூட வளரக்கூடியது. மண்ணிலிருந்து முளைத்து வரும்போதே அதன் தடிப்பு முடிவாகிவிடும், பிறகு பருப்பதில்லை. மாமரம், வேம்பு போல வெட்டுக்காயத்தைப் புதுப்பட்டை வளர்ந்து மூடுவது மூங்கிலில் நடக்காது. நீங்கள் கீறிய இதயமும் இரண்டு பெயர்களும் அந்தக் கழி இருக்கும்வரை புண்ணாகவே இருக்கும். பெரிய புல்வெளியில் பரந்து நிற்கும் ஜாவா அத்தியின் வேர்களில் ஏறிக் குதிப்பதும் அப்படித்தான். ஆயிரம் பேர் மிதித்தால் மண் இறுகும். இறுகிய மண்ணில் நுண்வேர்களுக்குக் காற்றும் நீரும் போகாது.

நமக்கு ஆபத்தானதும் உண்டு. நாகலிங்க மரத்தடியில் நின்று படம் எடுக்காதீர்கள். பேராதனையில் 1901இல் பின்னாளைய ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் அவர் மனைவியும் நட்ட மரம் ஒன்று இருக்கிறது, எல்லோரும் அதைத் தேடிப் போவார்கள். பூ அடிமரத்தில் பூப்பதால் கிட்டே போகத் தோன்றும். காய் பீரங்கிக் குண்டு மாதிரிக் கனமானது, சொல்லாமல் விழும். சீஷெல்ஸ் தீவின் இரட்டைத் தேங்காய் மரங்களையும் எட்ட நின்றே பாருங்கள். உலகின் மிகப் பெரிய விதை அது, முற்ற ஆறேழு ஆண்டுகள் எடுக்கும்.

மேலே தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களைப் பறக்கவைக்கக் கைதட்டுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பகல் அவற்றுக்குத் தூங்கும் நேரம், சிலவற்றின் மார்பில் குட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். இரவில் காட்டு மரங்களின் விதைகளைத் தூரத்தூரத்துக்குக் கொண்டுபோய்ப் போடுவதும் அவைதான். குரங்குகளுக்குத் தீனி கொடுப்பதும் வேண்டாம். கையில் பை இருந்தாலே பறிக்கப் பழகிவிடும்.

இனி, பலருக்கும் நினைவே வராத இடம். பூங்காவிலிருந்து பார்த்தால் ஆற்றின் அக்கரையில் கன்னொருவை. 1638இல் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயப் படையை முறியடித்த ஊர். இன்று அங்கே விவசாயத் திணைக்களத்தின் ஆய்வு நிலையங்களும் தொழினுட்பப் பூங்காவும் இருக்கின்றன. பேராதனை வரை வந்துவிட்டு இங்கே போகாமல் திரும்புவதை நான் பெரிய இழப்பாகவே நினைக்கிறேன். ஒரு முச்சக்கரவண்டி பிடித்தால் போதும். பேராதனையில் மரங்களைத் தூரநின்று வியக்கிறோம். கன்னொருவையில் மரக்கறிப் பாத்திகள், நெல், பழமரங்கள், மூலிகைகள், சின்ன முற்றத்துக்கான வீட்டுத்தோட்ட மாதிரிகள் என்று வீட்டில் செய்யக்கூடியவற்றைப் பார்க்கிறோம்.

அங்கே போகிறவர்கள் செய்யும் தவறு, கேள்வி இல்லாமல் போவது. உங்கள் வீட்டு மிளகாய் இலை சுருண்டிருந்தால் அதைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். இலையைப் பறித்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் ஊரின் மழை, மண்ணின் நிறம், எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே செழித்து நிற்கும் ஒரு வகை வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ அப்படியே வரும் என்று நினைத்து விதை வாங்கிவிடக் கூடாது. கண்டி ஈரப்பாங்கான மலைப்பகுதி. "எங்கள் பக்கத்துக்கு எது சரி?" என்று கேட்டு வாங்குங்கள். அரச நிறுவனம் என்பதால் வேலை நாளில் போவதும், புறப்படும் முன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வதும் நல்லது.

பசியோடு போகலாம். கன்னொருவையில் திணைக்களத்தின் 'ஹெல போஜுன்' உணவுச்சாலையில் கிராமத்துப் பெண்கள் நம் கண்முன்னே சமைத்துத் தருகிறார்கள். குரக்கன் ரொட்டியும் சூடான இலைக்கஞ்சியும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

நாற்று வாங்கியிருந்தால் அதை மூடிய வாகனத்துக்குள் வெயிலில் விட்டுவிட்டு இன்னோர் இடம் பார்க்கப் போகாதீர்கள். கடைசி நிறுத்தமாகக் கன்னொருவையை வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே வராது. வீட்டுக்கு வந்ததும் உடனே நிலத்தில் வைக்க வேண்டாம். நாலைந்து நாள் நிழலில் வைத்துத் தண்ணீர் விடுங்கள், பிறகு ஒரு மாலை நேரத்தில் நடுங்கள்.