கொழுப்புக் கல்லீரலுக்கு ஆயுர்வேத வழி: தொடங்குபவர்களுக்கான செய்முறை

ஸ்கேன் அறிக்கையில் ‘கொழுப்புக் கல்லீரல், கிரேடு 1’ என்ற வரியைப் பார்த்ததும் பெரும்பாலோர் தேடத் தொடங்குவது ஒரு மூலிகையின் பெயரைத்தான். கீழாநெல்லியா, கடுகுரோகிணியா, காலையிலா, இரவிலா என்று கேள்விகள் வரிசை கட்டும். ஆயுர்வேத நூல்களின் வரிசையிலோ மூலிகை கடைசியில் வருகிறது. எதை நிறுத்துவது, எதை எப்படிச் சாப்பிடுவது, உடலை எவ்வளவு அசைப்பது என்று மூன்றையும் தீர்த்த பிறகே மருந்து. இந்த விளக்கமும் அந்த வரிசையிலேயே போகிறது. மருந்துப் பகுதிக்கு நேரே தாவ விரும்புபவர்கள் தாவலாம். அங்கே மருந்தைவிட எச்சரிக்கைதான் அதிகம் இருக்கும்.

பழைய நூல்களில் இந்த நோய்க்குத் தனிப்பெயர் இல்லை. பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாத கொழுப்பை ஸ்கேன் இல்லாத காலத்தில் யார் கண்டிருக்க முடியும்? இன்றைய ஆயுர்வேத மருத்துவர்கள் இதை மேதோரோகம் (கொழுப்பு மிகுவதால் வரும் நோய்), யக்ருத் விகாரம் (கல்லீரல் கோளாறு), சந்தர்ப்பண நோய்கள் ஆகிய தலைப்புகளின் கீழ் வைத்துப் பார்க்கிறார்கள். சந்தர்ப்பணம் என்பது தேவைக்கு மீறிய ஊட்டம். ஆயுர்வேத மூலநூலான சரக சம்ஹிதையின் முதல் பகுதியான சூத்திரஸ்தானத்தில் 23ஆம் அத்தியாயம் அதற்கான காரணங்களை அடுக்குகிறது: நெய்ப்பும் இனிப்பும் மிகுந்த கனமான உணவு, புதுத் தானியம், புது மது, பால் பண்டங்கள், வெல்லப் பண்டங்கள், மாவுப் பண்டங்கள், உடலை அசைக்க மனமின்மை, பகல் தூக்கம், படுக்கையிலும் இருக்கையிலும் கிடைக்கும் சுகம். நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவரைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருக்கிறது.

முதல் படி: எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்புத் துளிகள் சேர்ந்திருந்தால் அது கொழுப்புக் கல்லீரல். ஆனால் உங்கள் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது கொழுப்பின் அளவைவிடக் கல்லீரலில் விழும் தழும்பின் அளவு. கிரேடு 1, 2, 3 என்பவை கொழுப்பை மட்டுமே சொல்கின்றன. தழும்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. (இரண்டும் கல்லீரல் நொதிகள்), பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) எண்ணிக்கை, மூன்று மாத சர்க்கரை அளவு, டிரைகிளிசரைடு, ஹெபடைடிஸ் பி மற்றும் சி சோதனை.

வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் ஆகிய நான்கையும் வைத்து ‘ஃபிப்-4’ என்ற எண்ணைக் கணக்கிடலாம். அது 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்புக் குறைவு. 2.67க்கு மேலே போனால் கல்லீரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். இடைப்பட்டவர்களுக்குக் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் பரிசோதனை உதவும். எடையையும் இடுப்புச் சுற்றளவையும் இன்றைய தேதியோடு குறித்துவையுங்கள். கர்ப்பிணிகள், இன்சுலின் போடுபவர்கள், சிரோசிஸ் (கல்லீரல் முற்றத் தழும்பேறிய நிலை) உள்ளவர்கள் இதற்கு மேல் சொல்லப்படும் எதையும் தாமாகத் தொடங்கக் கூடாது.

இரண்டாம் படி: காரணத்தை விலக்குங்கள்

ஆயுர்வேதம் இதை நிதான பரிவர்ஜனம் என்கிறது. சிகிச்சையின் முதல் அங்கம் இதுதான். இதைத் தவிர்த்துவிட்டுக் கஷாயம் குடிப்பது, குழாயைத் திறந்துவைத்துவிட்டுத் தரையைத் துடைப்பதற்குச் சமம்.

மதுவை முழுவதுமாக நிறுத்துங்கள். ‘எப்போதாவது கொஞ்சம்’ என்ற கணக்கைக் கல்லீரலில் ஏற்கெனவே கொழுப்பு உள்ளவர்கள் போடாமல் இருப்பது நல்லது. அடுத்து, குடிக்கும் சர்க்கரை: குளிர்பானம், பாக்கெட் பழச்சாறு, சர்க்கரை போட்ட பால் பானங்கள். ஃப்ரக்டோஸின் பெரும்பகுதியைக் கல்லீரலே கையாள்கிறது. மிஞ்சியதை அது கொழுப்பாக மாற்றிக்கொள்கிறது. சர்க்கரைக்குப் பதில் தேன் என்று தாராளமாக ஊற்றுபவர்கள் உண்டு. பருமனைக் குறைக்கும் பொருள்களில் ஒன்றாக நூல்கள் தேனைச் சொல்வது உண்மைதான். ஆனால் அது சிறிய அளவில், மருந்துக்குத் துணையாகச் சொல்லப்பட்டது. தேனிலும் ஃப்ரக்டோஸ் இருக்கிறது.

பகல் தூக்கத்தையும் நூல்கள் இந்தப் பட்டியலில் சேர்க்கின்றன. மதியச் சாப்பாட்டுக்குப் பின் படுப்பதற்குப் பதில் பத்து நிமிடம் மெதுவாக நடங்கள்.

மூன்றாம் படி: கனமான, ஆனால் கொழுக்க வைக்காத உணவு

இந்த முறை முழுவதிலும் நான் மிகவும் மதிக்கும் பகுதி இது. பருமனானவருக்கு ஏன் அடிக்கடி பசிக்கிறது என்று சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் 21ஆம் அத்தியாயம் விளக்குகிறது. உடலின் வழிகளை மேதஸ் (கொழுப்பு) அடைத்துக்கொள்வதால் வாயு வயிற்றுக்குள்ளேயே சுழன்று அக்னியை, அதாவது செரிமானத் தீயை, ஊதிவிடுகிறதாம். அதனால் உண்டது சீக்கிரம் செரித்து மீண்டும் பசி எடுக்கிறது. இப்படிப்பட்டவரைப் பட்டினி போட்டால் தாங்கமாட்டார். நன்றாக ஊட்டினால் நோய் வளரும். அதனால் நூல் ஒரு மூன்றாவது வழியைச் சொல்கிறது: செரிக்க நேரம் எடுக்கும் கனமான உணவாக இருக்க வேண்டும், ஆனால் ஊட்டம் குறைவாக இருக்க வேண்டும். குரு (கனம்), அதே நேரம் அதர்ப்பணம் (ஊட்டம் குறைவு). நார்ச்சத்தும் பருப்புப் புரதமும் சேர்ந்த உணவைத்தான் இன்றைய உணவியலாளரும் இந்த இடத்தில் பரிந்துரைப்பார்.

நடைமுறையில் இதற்கு வாற்கோதுமை, பச்சைப்பயறு, கொள்ளு என்ற மூன்றும் போதும். வாற்கோதுமையை மாவாக்காமல் முழுதாகவோ நொய்யாகவோ வாங்குங்கள். ஒரு நேரத் தானியத்தின் இடத்தில் அது வரட்டும். இருக்கும் உணவோடு கூடுதலாகச் சேர்ப்பதற்கு அன்று. செய்முறை எளிது. முழு வாற்கோதுமை ஒரு பங்கு, முழுப் பச்சைப்பயறு ஒரு பங்கு எடுத்து, ஆறு மணி நேரம் ஊறவைத்து, சீரகம், இஞ்சி, மஞ்சள் சேர்த்துக் குழைய வேகவையுங்கள். கடைசியில் கீரையைக் கிள்ளிப் போட்டு இறக்குங்கள். தாளிக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய் அல்லது நெய் போதும். நெய் கூடவே கூடாது என்று ஆயுர்வேதம் சொல்வதில்லை. ஆனால் சந்தர்ப்பண நோயில் அது மருத்துவர் அளந்து தரும் பொருள்.

கசப்பும் துவர்ப்பும் தினமும் ஒரு முறையாவது தட்டில் இருக்கட்டும்: பாகற்காய், வெந்தயம், நெல்லிக்காய். வெண்ணெய் முழுதாக எடுத்த மோரைச் சீரகத்தோடு மதியம் குடிக்கலாம், தயிர் வேண்டாம். பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், பிழிந்து குடிக்காதீர்கள்.

அளவுக்கு அஷ்டாங்க ஹ்ருதயம் என்ற ஆயுர்வேத நூல் தரும் கணக்கு உண்டு. வயிற்றை நான்கு பங்காக்கினால் இரண்டு பங்கு திட உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு காலி. யாரும் வயிற்றைத் திறந்து அளக்க முடியாது என்பதால் இப்படிச் செய்யலாம்: இன்னும் கொஞ்சம் சாப்பிடலாம் என்று தோன்றும் இடத்தில் எழுந்துவிடுங்கள்.

நான்காம் படி: முன்னுணவு செரித்த பிறகே அடுத்தது

ஏப்பத்தில் உணவின் வாடை இல்லை, உடல் லேசாக இருக்கிறது, மலமும் சிறுநீரும் இயல்பாகக் கழிகின்றன, பசியும் தாகமும் எடுக்கின்றன. முன்பு உண்டது செரித்ததற்கு நூல்கள் சொல்லும் அடையாளங்கள் இவை. இவை வராமல் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுவதுதான் ஆமம் (சரியாகச் செரிக்காத கசடு) சேரும் வழி. மூன்று வேளை உணவு, இடையில் நொறுக்குத்தீனி இல்லை, இரவு உணவு தூங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பு. இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் இடையே 12 மணி நேரம் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

லங்கனம் (உடலை லேசாக்கும் சிகிச்சை) என்பதைப் பட்டினி என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சரகர் சொல்லும் பத்து வகை லங்கனங்களில் உபவாசம் ஒன்றுதான். உடற்பயிற்சியும் செரிமானத்தைத் தூண்டும் பாசனமும் அதே பட்டியலில் இருக்கின்றன. நாள்கணக்கில் பட்டினி கிடந்து எடையை வேகமாக இறக்கினால் பித்தப்பையில் கல் உருவாகலாம். கல்லீரல் அழற்சியும் கூடலாம். வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவது நல்ல வேகம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் உணவு இடைவெளியை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சில மாத்திரைகளோடு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

குடிநீருக்குச் சார்ங்கதரர் என்ற பழைய ஆயுர்வேத நூலாசிரியர் தரும் விகிதம் மூலிகை ஒரு பங்கு, தண்ணீர் 64 பங்கு, கொதித்துப் பாதியாக வேண்டும். அதன்படி, இடித்த தனியா 10 கிராம், சீரகம் 4 கிராம், இடித்த சுக்கு ஒன்றரை கிராம் ஆகியவற்றை ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு, மூடாமல், சிறு தீயில் அரை லிட்டராக வற்றவிடுங்கள். வடிகட்டி அன்றே சூடாகச் சிறிது சிறிதாகக் குடித்து முடியுங்கள். மறுநாளுக்கு வைக்க வேண்டாம். நெஞ்செரிச்சல் இருந்தால் சுக்கை விட்டுவிடுங்கள். இது கல்லீரல் கொழுப்பைக் கரைக்கும் பானம் இல்லை. செரிமானத்துக்குத் துணையாகவும், இனிப்புப் பானத்தின் இடத்தை நிரப்பவும் பயன்படும். எனக்கு அந்த இரண்டாவது பயன்தான் பெரிதாகத் தெரிகிறது.

ஐந்தாம் படி: அரைச் சக்தி

சக்தியில் பாதி செலவாகும் வரை பயிற்சி செய் என்பது அஷ்டாங்க ஹ்ருதயத்தின் விதி. நெற்றியிலும் அக்குளிலும் வியர்வை அரும்பி, வாயால் மூச்சு விடத் தோன்றும் நிலை என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற இன்றைய மிதமான பயிற்சி அளவுகோலுக்கு இது நெருக்கமானது. வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, அதோடு இரண்டு நாள் தசைப் பயிற்சி. எடை குறையாவிட்டாலும் உடற்பயிற்சி தன்னளவிலேயே கல்லீரல் கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கும்.

ஆறாம் படி: மருந்து

இங்கே வேகத்தைக் குறையுங்கள். தொடங்குபவர் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வீட்டில் எடுக்கக்கூடியது திரிபலா சூரணம்: கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் விதை நீக்கிச் சம அளவு. இரவில் 3 கிராம், வெந்நீரில். பேதியானால் பாதியாகக் குறையுங்கள், நிற்காவிட்டால் விடுங்கள்.

கடுகுரோகிணி, மூக்கிரட்டை, நிலவேம்பு, ஆடாதோடை ஆகியவற்றை மருத்துவர் நாடி, மலம், பசி எல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். கடுகுரோகிணி பேதியாக்கும். இமயமலைப் பகுதியில் வளரும் இந்தச் செடி சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருப்பது. அதனால் பொடியாக விற்கப்படுவதில் கலப்படத்துக்கும் இடமுண்டு. கீழாநெல்லியின் புகழ் மஞ்சள்காமாலையில் பிறந்தது. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி தொற்றுள்ளவர்களிடம் அதைச் சோதித்து லான்செட் இதழில் நல்ல முடிவை வெளியிட்டார்கள்; பிற்பாடு நடந்த ஆய்வுகளில் அந்த முடிவு கிட்டவில்லை. கொழுப்புக் கல்லீரல் அதிலிருந்து வேறான நோய். ஒன்றுக்குப் பேர்போன மூலிகையை மற்றொன்றுக்கு நீட்டிச் சாப்பிட அவசரப்பட வேண்டியதில்லை.

ஆரோக்கியவர்த்தினி வடி என்ற மாத்திரையின் பெயர் கல்லீரல் பேச்சில் கட்டாயம் வரும். அதில் பாதி கடுகுரோகிணி. மீதியில் பாதரசம்-கந்தகம் சேர்ந்த கஜ்ஜளியும் தாமிர பஸ்பமும் உண்டு. மருத்துவர் எழுதித் தராமல் இதைத் தொடவே வேண்டாம்.

இயற்கை என்பதால் கல்லீரலுக்குப் பாதுகாப்பு என்று எண்ணுவதற்கில்லை. கோவிட் காலத்தில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக 2021இல் மும்பை மருத்துவர்கள் ஆய்விதழில் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம், வேறொரு சீந்தில் இனத்தோடு குழப்பம் நேர்ந்திருக்கலாம் என்று மறுத்தது. இரண்டில் எது சரியானாலும் வாங்குபவருக்கு ஆபத்து ஒன்றுதான். மிளகுச் சாரம் சேர்த்த மஞ்சள் மாத்திரைகள், அசுவகந்தா, அடர்த்தியான கிரீன் டீ சாரம் ஆகியவற்றாலும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. சமையலில் போடும் மஞ்சளைப் பற்றி இந்தக் கவலை வேண்டாம். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது.

ஆகவே: பி.ஏ.எம்.எஸ். (ஆயுர்வேத மருத்துவப் பட்டம்) படித்த பதிவு பெற்ற மருத்துவர், லேபிளில் உரிம எண்ணும் முழு உட்பொருள் பட்டியலும் உள்ள மருந்து, ஒரு நேரத்தில் ஒரே புதிய மருந்து, தொடங்கிய நான்காவது வாரத்தில் எஸ்.ஜி.பி.டி. பரிசோதனை. சர்க்கரைக்கும் கொலஸ்ட்ராலுக்கும் எடுக்கும் மாத்திரைகளை நிறுத்தாதீர்கள்; கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்குப் பொதுவாகப் பாதுகாப்பானவை. பஞ்சகர்மா என்ற ஐந்து சுத்திகரிப்பு முறைகள், குறிப்பாகப் பேதியாக்கும் விரேசனம், மருத்துவமனையில் செய்துகொள்ள வேண்டிய சிகிச்சை. வீட்டில் பேதி மருந்து குடிப்பதை அந்தப் பெயரால் அழைக்கக் கூடாது.

ஏழாம் படி: திரும்ப அளவெடுங்கள்

உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி தணியும். 10 சதவீதத்தைத் தாண்டியவர்களில் பலருக்குத் தழும்பும் பின்வாங்கியிருக்கிறது. 80 கிலோ எடையுள்ளவருக்கு இது 4 கிலோ, 5.6 முதல் 8 கிலோ, 8 கிலோவுக்கு மேல் என்று ஆகும். பருமன் இல்லாமலே இந்த நோய் உள்ளவர்களுக்கு 3 முதல் 5 சதவீதமே பலன் தரலாம்.

எடையை வாரம் ஒரு முறை, இடுப்பை மாதம் ஒரு முறை, ரத்தப் பரிசோதனையை மூன்று மாதத்தில், ஸ்கேனை ஆறு மாதத்துக்குப் பிறகு பாருங்கள். சாதாரண அல்ட்ராசவுண்டு கொழுப்பு ஏறத்தாழ 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தவறவிடக்கூடும். அதனால் ‘இயல்பு’ என்று அறிக்கை வந்த மாதத்தில் பழைய உணவுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, உடல் முழுவதும் அரிப்பு, வாந்தியோடு பசியின்மை ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் எடுக்கும் மூலிகைகள் அனைத்தையும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மருந்துப் பாட்டில்களையும் பொட்டலங்களையும் கையோடு கொண்டுபோங்கள். ரத்த வாந்தி, கறுப்பு மலம், வயிறு வீங்குதல், மனக்குழப்பம் என்றால் நேராக அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.