மூடிய குவாரிக்குப் பக்கத்தில் கிணறா? தண்ணீரைக் கண்காணிக்கும் முறை

கொழும்பிலிருந்து ஹன்வெல்ல, பாதுக்கை பக்கம் போனால் கபொக் கல்லும் (செம்பூரான் கல்) கருங்கல்லும் வெட்டிய பள்ளங்கள் தென்படும். வேலை முடிந்த பள்ளத்தை மண் போட்டு நிரப்பி, புல் பிடித்ததும் பேர்ச் கணக்கில் விலை பேசுவார்கள். மேலே பச்சை பிடித்துவிட்டதால் கீழே தண்ணீர் சுத்தம் என்று ஆகாது. அதற்காகக் கிணற்றில் துருநிறப் படலத்தைக் கண்டதும் குவாரியைத் திட்டவும் வேண்டாம். இந்தச் செம்பூரான் மண்ணில் தண்ணீர் இயல்பாகவே கொஞ்சம் அமிலமாகவும் இரும்பு கலந்தும் இருக்கும். மண்ணின் குணம் எது, பள்ளத்தின் வேலை எது என்று பிரிப்பதற்குத்தான் இவ்வளவு பாடும்.

1. பள்ளத்தின் கதையைக் கேளுங்கள்

என்ன வெட்டினார்கள், வெடி வைத்தார்களா, எதைப் போட்டு நிரப்பினார்கள்? ஊர்ப் பெரியவர்களையும் கிராம உத்தியோகத்தரையும் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். குவாரி வெடிமருந்தில் அமோனியம் நைத்திரேற்று உண்டு. வெடிக்காமல் எஞ்சியது தண்ணீரில் கரையும். ஆகவே கருங்கல் குவாரி என்றால் நைத்திரேற்றும் அமோனியாவும் பாருங்கள். குப்பை போட்டு நிரப்பியிருந்தால் குளோரைட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கையேடுகள் சல்பேற்றையே முதலில் வைக்கும். அவை பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு எழுதப்பட்டவை. நம் நாட்டில் நிலக்கரிச் சுரங்கமே இல்லை. அந்தப் பட்டியலை அப்படியே பிரதி எடுக்காதீர்கள்.

2. தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது?

அவசரப்படக்கூடாத இடம் இது. பள்ளத்தைச் சுற்றி, ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளாவது வேண்டும். மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயால் மூன்று கிணற்றுக் கட்டுகளின் உயரத்தையும் ஒரே அடிமட்டத்திலிருந்து எடுங்கள். பிறகு, மோட்டார் போடுவதற்கு முந்திய விடியற்காலையில், பாரம் கட்டிய நாடாவை இறக்கி, கட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் வரையுள்ள ஆழத்தை அளவிடுங்கள். கட்டின் உயரத்திலிருந்து இந்த ஆழத்தைக் கழித்தால் நீர்மட்டம் கிடைக்கும்.

ஓர் உதாரணம். முதல் கிணற்றின் கட்டு 10.00 மீற்றர் உயரம், ஆழம் 3.20, நீர்மட்டம் 6.80. இரண்டாவது 9.40, ஆழம் 3.10; மட்டம் 6.30. மூன்றாவது 8.70, ஆழம் 2.90, மட்டம் 5.80. ஆழத்தை மட்டும் பார்த்தால் மூன்றாவதில்தான் தண்ணீர் மேலே நிற்பது போல் தெரியும். உண்மையில் அதுதான் மூன்றிலும் தாழ்ந்தது. நிலத்தடி நீர் உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்துக்குத்தான் நகரும்.

பள்ளத்துக்கு மேற்பக்கம் (நீர்மட்டம் உயர்ந்த பக்கம்) ஒரு கிணறு, கீழ்ப்பக்கம் (தாழ்ந்த பக்கம்) இரண்டு என்று தேர்ந்தெடுங்கள். மேற்பக்கக் கிணறு இல்லாத கண்காணிப்பை நான் கண்காணிப்பு என்றே சொல்லமாட்டேன்.

3. தண்ணீர் மாதிரியை எப்போது எடுப்பது?

குறைந்தது ஒரு வருடம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. பெப்ரவரி வரட்சியில் ஒன்று, மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கிய பிறகு ஒன்று, ஒக்டோபர், நவம்பர் மழையில் ஒன்று கட்டாயம். எல்லாக் கிணற்றிலும் ஒரே நாளில் எடுங்கள்.

4. கிணற்றடியிலேயே அளக்க வேண்டியவை

பீ.எச். (அமில, கார அளவு), மின்கடத்துதிறன், வெப்பநிலை. போத்தலில் கொண்டுபோய் அளந்தால் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு வெளியேறி பீ.எச். ஏறிவிடும். மலிவான மீற்றர் போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் பீ.எச். 4, 7 கரைசல்களிலும், 1413 மைக்ரோசீமன் கரைசலிலும் சரிபார்க்காவிட்டால் விலை உயர்ந்ததும் பொய் சொல்லும்.

5. போத்தலில் பிடித்தல்

குழாய்க்கிணறு என்றால் தேங்கிய தண்ணீரை முதலில் இறைக்க வேண்டும். நாலு அங்குலக் குழாயில் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 8 லீற்றர் நிற்கும். 20 மீற்றர் தண்ணீர் இருந்தால் 160 லீற்றர். அதைப்போல மூன்று மடங்கு விட்டபிறகு, மீற்றர் எண்கள் அசையாமல் நின்றதும் பிடியுங்கள். திறந்த கிணற்றில் மேற்படலத்தை விட்டு நடு ஆழத்திலிருந்து எடுங்கள். கிணற்றுக்குள் இறங்கவே வேண்டாம்.

உலோகங்களுக்கு ஆய்வுகூடம் தரும் போத்தலில் நைத்திரிக் அமிலம் இருக்கும், அதைக் கழுவிவிடாதீர்கள். கிருமிப் பரிசோதனைக்குத் தொற்றுநீக்கிய போத்தல். எல்லாம் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து அன்றே ஒப்படைக்க வேண்டும். ஏதாவதொரு கிணற்றில் இரட்டை மாதிரி எடுத்து, வேறு பெயரிட்டுக் கொடுங்கள். இரண்டு விடையும் ஒத்துப்போகாவிட்டால் மற்ற எண்களையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

6. எண்களை வாசித்தல்

இலங்கைக் குடிநீர்த் தரம் எஸ்.எல்.எஸ். 614இன்படி பீ.எச். 6.5 முதல் 8.5 வரை, லீற்றருக்கு உச்ச அளவாக நைத்திரேற்று 50 மில்லிகிராம், இரும்பு 0.3, குளோரைட்டு 250. குடிக்கலாமா என்ற கேள்விக்கு இவை உதவும். பள்ளம் கசிகிறதா என்பதற்கு மேற்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். மேலே நைத்திரேற்று 8, கீழே 9 என்றால் விடுங்கள். மேலே 8, கீழே நாலு தடவையும் 30ஐ ஒட்டி வந்தால், 50க்குள் இருந்தாலும் காரணம் தேட வேண்டும். அந்தக் கிணற்றருகே மலசலகூடக் குழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கொழும்பின் நெருக்கமான புறநகர்க் காணிகளில் நைத்திரேற்று அங்கிருந்தும் வரும். அதுவும் இல்லையென்றால் நீர்மட்டம், மழைக்குறிப்பு, ஆய்வுகூட அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே கோவையில் கட்டி, பத்தரமுல்லையிலுள்ள மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு பிரதி உங்களிடமும் இருக்கட்டும்.