கடலில் பழகியவர்கள் மலை ஆற்றில் இறங்குவதற்கு முன்

மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், கீழக்கரை என்று நம் கரையோரத்தில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரைக் கண்டு பயம் கிடையாது. அதனால்தான் லடாக்கில் ஸன்ஸ்கார் ஆற்றில் நாலைந்து நாள் ராஃப்டிங் (காற்றடைத்த ரப்பர் படகில் பல பேராகப் போவது), கயாக்கிங் (ஒடுக்கமான சின்னப் படகில் துடுப்புப் போட்டுப் போவது) போகலாம் என்று யாராவது கூப்பிட்டால், கடலையே பார்த்தவர்களுக்கு ஆறு என்ன பெரிசு என்று கிளம்பிவிடுகிறோம். போங்கள், கண்டிப்பாகப் பார்க்கவேண்டிய ஆறுதான். ஆனால் நம் கடல் பழக்கத்தில் பாதிதான் அங்கே உதவும், மீதிப் பாதி ஆளையே கொன்றுவிடும். எது உதவும், எது உதவாது என்று தெரிந்துகொண்டு போகவேண்டும்.

கடலில் அலை நகர்ந்து போகும், தண்ணீர் ஏறக்குறைய அதே இடத்தில் ஏறி இறங்கும். மலை ஆற்றில் அலை ஒரே இடத்தில் நிற்கும், தண்ணீர் அதன் ஊடே ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாம் இதிலிருந்துதான் மாறுகிறது. கடலில் பெரிய அலை வந்தால் அது கடக்கும்வரை பொறுத்திருக்கலாம். ஆற்றில் பாறையைத் தாண்டி விழுந்து, திரும்பி மேல்நோக்கி உருளும் நீர் இருக்கிறதே, அது எங்கும் கடந்து போகாது, நீங்கள்தான் அதைவிட்டு வெளியே வரவேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள லடாக் வரை போகவேண்டியதில்லை. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், வேகமாக ஓடும் ஒரு நாளில் பாம்பன் சாலைப் பாலத்திலிருந்து கீழே தூண்களைப் பாருங்கள். ஓட்டம் தூணில் மோதும் பக்கம் நீர் மேடாக ஏறும், இரண்டு பக்கமும் வேகமாக வழியும், தூணுக்குப் பின்னால் ஒரு துண்டு நீர் எதிர்த்திசையில் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பின்பக்க நீரைத்தான் ஆற்று வழிகாட்டிகள் எடி என்பார்கள். ஆற்றில் கயாக்கை நிறுத்த வேறு இடமே கிடையாது, ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் இருக்கும் எடிதான் நிறுத்தம், மூச்சு வாங்கும் இடம், அடுத்த ஓட்டத்தைப் பார்த்து முடிவெடுக்கும் இடம். ஓட்டத்துக்கும் எடிக்கும் நடுவே ஒரு கோடு தெரியும் பாருங்கள், அந்தக் கோட்டைக் கடக்கும்போதுதான் புதியவர்கள் கவிழ்வார்கள், ஏனென்றால் படகின் மூக்கு ஒரு திசையிலும் பின்பகுதி எதிர்த்திசையிலும் இழுபடும். எந்தப் பக்கம் திரும்புகிறீர்களோ அந்தப் பக்கம் படகைச் சாய்த்துக் கடக்கவேண்டும். பாலத்திலிருந்து பார்த்தால் போதும், அந்தக் கால்வாயில் பயிற்சிக்கு இறங்கிவிடாதீர்கள்.

ஓட்டத்தைப் படிக்க இன்னொரு அடையாளமும் உண்டு. நீர்ப்பரப்பில் வி வடிவம் தெரியும். அதன் முனை ஓட்டம் போகும் திசையைக் காட்டினால் இரண்டு பாறைகளுக்கு நடுவே வழி இருக்கிறது, முனை உங்களை நோக்கி இருந்தால் அங்கே நீருக்கடியில் பாறை இருக்கிறது.

இப்போது ஆளைக் கொல்லும் பழக்கத்துக்கு வருகிறேன். பாக் நீரிணைப் பக்கம் கடல் வெகுதூரம் ஆழமில்லை, படகிலிருந்து விழுந்தால் நம் கால் தானாகவே தரையைத் தேடும், எழுந்து நின்றுவிடுவோம். ஓடும் ஆற்றில் அதைச் செய்யவே கூடாது. முழங்கால் ஆழ நீரில்கூட பாதம் இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் ஓட்டம் உங்களை முன்பக்கம் தள்ளிக் குப்புறப் படுக்கவைத்துவிடும், பக்கத்தில் நாலு பேர் நின்றாலும் எடுப்பது கஷ்டம். விழுந்ததும் மல்லாந்து படுங்கள், கால்கள் ஓட்டம் போகும் திசையில், பெருவிரல்கள் நீருக்கு மேலே தெரியவேண்டும், பாறை வந்தால் காலால் உதைத்துத் தள்ளுங்கள். எடி பக்கத்தில் வந்ததும் குப்புறத் திரும்பி முழுவேகத்தில் நீந்தி உள்ளே போங்கள். நீர் முட்டிக்குக் கீழே வந்து ஓட்டமும் தணிந்த பிறகுதான் எழுந்து நிற்கவேண்டும்.

உங்களைக் காப்பாற்றப் பையோடு கயிறு எறிந்தால் கயிற்றைப் பிடியுங்கள், அதன் பையைப் பிடிக்காதீர்கள். கையில் சுற்றிக்கொள்ளவும் வேண்டாம். வலைக்கயிறு இழுத்துப் பழகிய கை தானாகச் சுற்றும், அதைப் பயிற்சி செய்துதான் மாற்றவேண்டும். ராஃப்ட் பாறையில் பக்கவாட்டில் மோதப் போகிறது என்றால் எல்லோரும் பாறை இருக்கும் பக்கம் பாயவேண்டும். பயத்தில் எதிர்ப்பக்கம் ஒதுங்கினால் அந்த விளிம்பு நீரில் அமிழ்ந்து ராஃப்ட் கவிழ்ந்துவிடும்.

லைஃப் ஜாக்கெட் பற்றி நம் ஊரில் ஒரு அலட்சியம் உண்டு, நீச்சல் தெரிந்தவனுக்கு எதற்கு என்று. உப்பு நீர் நம்மைத் தூக்கிக் கொடுக்கும், ஆற்று நீர் அந்த அளவுக்குத் தூக்காது, காற்று கலந்த நுரையில் இன்னும் குறைவு. பட்டைகளை இறுக்கிக் கட்டியபின் ஒருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்கட்டும், ஜாக்கெட் காது வரை ஏறினால் அது உங்களுக்குப் பயன்படாது. ஹெல்மெட்டும் அப்படித்தான், ஆடக்கூடாது.

பயிற்சியை இங்கேயே தொடங்கலாம். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளித்தாலும் பாக் நீரிணைப் பக்கம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பிரப்பன்வலசையில் கயாக் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம். இடுப்பு ஆழத்தில், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, வேண்டுமென்றே கவிழ்ந்து வெளியே வரும் பயிற்சியைச் செய்யுங்கள், கண்ணை மூடிக்கொண்டும் செய்யுங்கள். மூடிய கயாக் என்றால் ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் (தண்ணீர் உள்ளே வராமல் இடுப்பைச் சுற்றி மூடும் உறை) முன்வாரை முன்னோக்கி இழுத்துத்தான் கழற்றவேண்டும் என்பது தலைகீழாகத் தொங்கும்போதும் கைக்கு ஞாபகம் இருக்கவேண்டும். ஆனால் இது மட்டும் போதாது. ஓடும் நீரில் பழகாமல் ஸன்ஸ்காருக்குப் போகாதீர்கள், அது ஆறு தரங்களில் 3, 4 ஆம் தர ரேப்பிட்கள் (பாறைகளுக்கு நடுவே நீர் சீறிப் பாயும் இடங்கள்) உள்ள ஆறு. ராஃப்டில் போக ரிஷிகேஷில் கங்கை நல்ல தொடக்கம், மழைக்காலத்தில் அங்கே நிறுத்திவிடுவார்கள். தனிக் கயாக் என்றால் கேரளத்தில் கோழிக்கோடு பக்கம் கோடஞ்சேரியில் சாலிப்புழா, இருவஞ்ஞிப்புழா இருக்கின்றன, மழைக்காலத்தில் நல்ல ஓட்டம் இருக்கும். அங்கே ஆற்றில் விழுந்து கிடக்கும் மரங்களைப் பார்த்தால் தூரத்திலேயே விலகிவிடுங்கள், கிளைகளின் ஊடே தண்ணீர் போய்விடும், ஆள் போகமுடியாது.

ஸன்ஸ்கார் பயணத்துக்கு ஜூலை, ஆகஸ்ட்தான் காலம். பனியும் பனிப்பாறையும் உருகி வரும் தண்ணீர், நம் வெயிலுக்குப் பழகிய உடம்பால் கற்பனைகூடச் செய்யமுடியாத குளிர். விழுந்தவுடன் மூச்சு தாறுமாறாக இழுக்கும், அந்த முதல் ஒரு நிமிடம் மூச்சை நிதானப்படுத்துவது மட்டும்தான் வேலை. அதற்குப் பிறகு கைகால் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம் போல இருக்கும், அதற்குள் கரையோ ராஃப்டோ சேர்ந்துவிடவேண்டும். உடம்போடு ஒட்டிச் சூட்டைக் காக்கும் வெட்சூட் கட்டாயம். பருத்தி பனியன், கைலி, ஜீன்ஸ் எதுவும் ஆற்றில் வேண்டாம், நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளியோ செயற்கை இழையோ போடுங்கள்.

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து விமானத்தில் நேராக அங்கே இறங்குகிறவர்கள் குறைந்தது இரண்டு நாள் சும்மா படுத்துக் கிடக்கவேண்டும். தலைவலி, வாந்தி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், மேலும் உயரம் ஏறவேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரிக்கே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. அவல், புளிக்காய்ச்சல், இட்லிப் பொடி, சாயல்குடிக் கருப்பட்டி எல்லாம் எடுத்துப் போங்கள், குளிரில் நனைந்து கரையேறும்போது ஒரு துண்டு கருப்பட்டியும் சுடுதண்ணீரும் தரும் தெம்பு வேறு எதிலும் வராது.

முகாம் போடும்போது நம் ஏற்றவற்றக் கணக்கு செல்லாது. மேலே வெயில் அடித்து உருகிய நீர் பல மணி நேரம் கழித்து, சில சமயம் நடுராத்திரியில், உங்கள் இடத்துக்கு வந்து சேரும். வந்தவுடன் நீர் விளிம்பில் ஒரு கல்லை வைத்து அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள், படகுகளை நன்றாக மேலே இழுத்துக் கட்டிவிட்டுத் தூங்குங்கள். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் எதிர்க்காற்று பலமாக வீசும், அதனால் காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. மலம் உட்பட எல்லாக் கழிவையும் பெட்டியில் அடைத்துத் திரும்பக் கொண்டுவரவேண்டும். கீழே அந்த ஆற்றை நம்பி ஊர்கள் இருக்கின்றன, இதில் சலுகையே கிடையாது.

அழைத்துப் போகிறவர்களிடம் பணம் கட்டும் முன்பே கேளுங்கள்: எத்தனை ராஃப்ட் வரும், கூடவே பாதுகாப்புக் கயாக் வருமா, வழிகாட்டிக்கு ஆற்று மீட்புப் பயிற்சி உண்டா, அவசரத்துக்கு யாரை எப்படித் தொடர்புகொள்வார்கள். ஒரு ராஃப்ட் மட்டும்தான் என்றால் நான் போகமாட்டேன், கவிழ்ந்தால் பொறுக்கி எடுக்க யாருமில்லை. 2024 மார்ச்சில் ஸன்ஸ்கார் பள்ளத்தாக்கு வழியே போகும் நிம்மு–பதும்–தார்ச்சா சாலை இணைந்துவிட்டது, முன்பு போலப் பள்ளத்தாக்கு முழுக்கத் துண்டிக்கப்பட்டதல்ல, ஆனால் சாலை கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் ஆம்புலன்ஸ் உடனே வந்துவிடாது. சாட்டிலைட் போனை வெளிநாட்டிலிருக்கும் மச்சானிடம் சொல்லி வாங்கி எடுத்துப் போகாதீர்கள், அனுமதியில்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். நம் ஊர் ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, குழுவில் ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டுக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் பணம் தருவார்களா என்று பத்திரத்தைப் படித்துப் பாருங்கள், பல பாலிசிகளில் இரண்டையும் விலக்கியிருப்பார்கள்.